தரையிலிருந்து ஊறும் தண்ணீரும் வெள்ளமே: சிட்லபாக்கம் குடியிருப்போரின் நிலைப்பாடு

மழை விட்டுத் தெரு காய்ந்த பிறகும் கூடத்து ஓரத்திலும் லிஃப்ட் குழியிலும் தண்ணீர் ஊறினால் மேஸ்திரியைத்தான் கூப்பிடுகிறோம். பல நேரம் அது கட்டடக் குறை அல்ல; நிலத்தடி நீர்மட்டம் தரையைத் தொட்டுவிட்டது. இதையும் வெள்ளப் பாதிப்பாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

சிட்லபாக்கத்துக்கு அடியில் கடும்பாறை. அதன்மேல் சிதைந்த பாறையும் களிமண்ணும். நீர் கொள்ளும் இடம் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நிறைந்து ஏரியும் ததும்பினால், பள்ளமான தெருக்களில் கிணற்றுத் தண்ணீரைக் கயிறில்லாமலே மொள்ளலாம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 செ.மீ. கொட்டியது போன்ற மழைக்குப் பிறகு, ஊற்று அடங்கப் பல நாள் ஆகும்.

மோட்டார் வைத்து இறைப்பது தீர்வாகாது. இறைத்த அளவு திரும்ப ஊறும். ஆபத்தும் உண்டு. தரைக்குள் இருக்கும் 10,000 லிட்டர் சம்ப்பைக் நீர்மட்டம் தரையைத் தொட்டிருக்கும்போது காலி செய்தால், சுற்றியுள்ள நீர் அதை ஏறத்தாழ 10 டன் விசையுடன் மேலே தள்ளும்; அடித்தளம் விரிசல் விடலாம். இறைக்காவிட்டாலும், நீர்மட்டம் உயர்ந்திருக்கும் நாட்களில் செப்டிக் டேங்க் கழிவு மண்ணில் இறங்க வழியின்றிக் கழிப்பறைக்குள் எதிர்த்து வரும். விரிசல் வழியே சம்ப்புக்குள்ளும் கலக்கும்.

இதற்காக ஏரியை வற்றவைக்கவோ, 2003-ல் கட்டாயமான மழைநீர் சேகரிப்பைக் கைவிடவோ நாங்கள் கேட்கவில்லை. கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பதும் நாம்தான். நாங்கள் கேட்பவை:

1. தாம்பரம் மாநகராட்சி தெருவாரியாகக் கிணற்று நீர்மட்டத்தை அளந்து, மழைக்காலத்தில் வாரந்தோறும் அறிவிக்க வேண்டும்.
2. சிட்லபாக்கம் பெரிய ஏரியிலிருந்து செம்பாக்கம் ஏரிக்குச் செல்லும் உபரிநீர் வழி, ஆக்கிரமிப்பும் அடைப்பும் இன்றி இருக்க வேண்டும்.
3. பாதாளச் சாக்கடை எல்லாத் தெருக்களுக்கும் வர வேண்டும்.
4. தெரு உயர்ந்து வீடுகள் பள்ளமாகாதபடி, பழைய சாலையைச் சுரண்டிய பிறகே புதிய தார் போட வேண்டும்.
5. நீர்மட்டம் உயரும் தெருக்களில் தரைக்குக் கீழே வாகன நிறுத்தம் கட்ட அனுமதி தரக்கூடாது.

வீட்டுக்காரர்களுக்கு: மழைக்காலத்தில் சம்ப்பைக் காலியாக விடாதீர்கள். மோட்டார் சுவிட்சை உயரத்தில் வையுங்கள். தரை ஊறும் நாட்களில் சம்ப்புத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். உங்கள் கிணற்று மட்டத்தைக் குறித்து வையுங்கள். மாநகராட்சியிடம் கேட்கும்போது அந்தக் கணக்குதான் நம் கையில் உள்ள சான்று.