மெர்சி பிரௌன் யார் ரத்தத்தையும் குடிக்கவில்லை

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் எக்ஸிட்டர் என்றோர் ஊர். அங்கே தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் கிடக்கும் மெர்சி பிரௌன் ஒரு ரத்தக்காட்டேரி என்றும், இரவில் அங்கே நடமாட்டம் உண்டென்றும் இன்றும் சொல்கிறார்கள். 19 வயதில் காசநோயில் செத்துப்போன பெண் அவள். அவள்மீது சுமத்தும் பழிக்குச் சொல்லப்படும் ஆதாரங்களில் ஒன்றுகூடத் தேறாது.

உடல் அழுகவில்லையாம். 1892 மார்ச் 17 அன்று, அக்கம்பக்கத்தாரின் வற்புறுத்தலுக்கு அவள் தந்தை ஜார்ஜ் இணங்கியதால் மூன்று உடல்களைத் திறந்து பார்த்தார்கள். தாயும் அக்காளும் எலும்பாகியிருந்தார்கள். மெர்சி அப்படியே இருந்தாள். இதில் என்ன அதிசயம்? முந்தைய இருவரும் இறந்தது 1883, 1884 வாக்கில். மெர்சி இறந்தது அந்த ஜனவரியில்தான். நடுங்கும் குளிர்காலத்தில் இரண்டே மாதம், அதுவும் மண்ணுக்குள் அல்ல, கல்லால் கட்டிய பிண அறையில்!

இதயத்தில் ரத்தம் இருந்ததாம். இறந்தவர் இதயத்தில் ரத்தம் தங்குவது இயல்பே. பரிசோதித்த மருத்துவர் ஹரோல்ட் மெட்காஃப், உடலில் விபரீதம் எதுவுமில்லை என்றார். நுரையீரலில் காசநோய் இருந்ததையும் கண்டார். காசநோய் கிருமியால் வருகிறது என்று ராபர்ட் கோக் அறிவித்து அப்போது 10 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அண்ணன் எட்வினின் உயிரை அவள் உறிஞ்சினாள் என்பதுதான் மூலக் குற்றச்சாட்டு. காலத்தை வரிசைப்படுத்திப் பார்த்தாலே அது உடைந்துவிடும். எட்வின் நோயில் விழுந்து, உடல் தேற வேண்டிக் கொலராடோ போனபோது மெர்சி உயிரோடு இருந்தாள். அவன் படுத்த பிறகுதான் அவளும் படுத்தாள். செத்தவள் உறிஞ்சியிருந்தால், அவள் சாகும் முன்பே அவனுக்கு நோய் வந்தது எப்படி?

பரிகாரமாவது பலித்ததா? அவள் இதயத்தையும் ஈரலையும் எரித்து, சாம்பலைக் கரைத்து எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். மே 2 அன்று அவனும் இறந்தான்.

அந்த ஊராரை ஏச எனக்கு மனம் வரவில்லை. காசநோய்க்கான மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-இல். அதற்கு முன் மருத்துவரிடமும் மருந்து கிடையாது. கண்ணெதிரே பிள்ளைகள் சாகும்போது எந்த ஊரும் எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் செய்யும். நோயின் காரணமும் மருந்தும் தெரிந்த நாம் அதே பழியைச் சொல்வதற்கு அந்தச் சமாதானமும் இல்லை. 1996-இல் அவள் கல்லறைக் கல்லைப் பெயர்த்தே திருடிப் போனார்கள். மீட்கப்பட்ட அந்தக் கல்லை இப்போது இரும்புப் பட்டையால் பிணைத்து வைத்திருக்கிறார்கள். எக்ஸிட்டர் பக்கம் போகிறவர்கள், பேய் தேடி அல்ல, காசநோய்க்குப் பலியான ஒரு பெண்ணைப் பார்க்கப் போங்கள்.