பூப்பதற்கு முன்னால்

மழை பெய்து ஒரு மாதம் போனால் குடியிருப்புகளின் காலி மனைகளில் பார்த்தீனியம் வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. புகார் போகிறது, ஜேசிபி வருகிறது, மனை மொட்டையாகிறது. அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாக முளைக்கிறது. வேலை செய்தவர்கள் மீது தவறில்லை, செய்த நேரமும் முறையும்தான் தவறு.

அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த இந்தச் செடி 1950களின் நடுவில் புனேயில் கண்டறியப்பட்டது. இதன் பலம் விதையில் இருக்கிறது. முளைத்த நான்கைந்து வாரத்தில் பூக்கத் தொடங்கும். நன்றாக வளர்ந்த ஒரு செடி பத்தாயிரத்துக்கு மேல் விதை தரும். புதைந்த விதைகள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஜேசிபி மண்ணைப் புரட்டும்போது அவை மேலே வந்துவிடுகின்றன. தண்டை மட்டும் வெட்டினாலோ, அடியிலிருந்து கிளைத்து மறுபடி பூக்கும்.

எனவே மண் ஈரமாக இருக்கும்போது, பூ விடுவதற்கு முன், வேரோடு பிடுங்க வேண்டும். பூக்காத செடியை உரக்குழியில் போடலாம். பூத்துவிட்டால் உதறாமல் மூட்டை கட்டுங்கள். செடியிலுள்ள பார்த்தெனின் என்ற வேதிப்பொருள் தோலில் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். மகரந்தம் சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பும். தூய்மைப் பணியாளர்களை வெறுங்கையால் இதைப் பிடுங்கச் சொல்வது கொடுமை. கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் மூன்றும் கொடுத்த பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

உப்புக் கரைசல் தெளித்தால் செடி கருகும், உண்மைதான். ஆனால் திரும்பத் திரும்பத் தெளித்த மண் உவர்ந்துபோகும். கிணற்றுக்கும் மரங்களுக்கும் பக்கத்தில் அது வேண்டாம். பார்த்தீனிய இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டு 1984இல் பெங்களூரில் விடப்பட்டது. மழைக்காலத்தில் அது உதவும், தனியாக வெல்லாது.

பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடுவதுதான் நாம் செய்யும் பெரிய பிழை. வெற்று மண் பார்த்தீனியத்துக்கே வசதி. மழைக்கு முன் தகரை, ஆவாரை, கொழுஞ்சி விதைகளைத் தூவினால் அவை அடர்ந்து அதற்கு இடம் விடா. மனைக்காரர் வெளியூரில் இருந்தால், குடியிருப்போர் சங்கம் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி இதைச் செய்யலாம். ஒரு பருவத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மண்ணுக்குள் கிடக்கும் விதைகள் தீர இன்னும் சில மழைகள் ஆகும்.