பல்லக்கில் வந்தது யார்?

எங்கள் தெருவில் பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் வைத்திருக்கிறோம். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு யாராவது ஒருத்தர் வீட்டுக் கூடத்தில் கூடுவோம். இந்த வருடம் எடுத்துக்கொண்டது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950-லிருந்து 1954 வரை அது தொடராக வந்தபோது என் பாட்டி வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்த பிரதிதான் என்னிடம் இருக்கிறது. மற்றவர்களிடம் புதுப் புத்தகம். இரண்டு பேர் 2022, 2023-ல் வந்த சினிமாவைப் பார்த்துவிட்டே பேச வந்தார்கள். போகட்டும், அவர்களுக்கும் பாயில் இடம் உண்டு!

போன மாதம் நந்தினியைப் பற்றிப் பேச்சு வந்தது. “குடி கெடுத்தவ”, “ஒரு பொம்பளை நினைச்சா ராஜ்யத்தையே கவுத்துடலாம்” என்று ஆளாளுக்குச் சொல்லி, தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

எனக்கு இது ஒப்பவில்லை. நந்தினி செய்தது நியாயம் என்று சொல்ல வரவில்லை. பழிவாங்க வாளோடு காத்திருக்கிறவளை நல்லவள் என்று யார் சொல்வார்கள்? ஆனால் கதையின் ஆரம்பத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், தோழிகளே. சுந்தர சோழர் படுக்கையில் உயிரோடு இருக்கும்போதே, கடம்பூர் மாளிகையில் நடுராத்திரி கூடி அடுத்த ராஜா யார் என்று பேசுகிறவர்கள் யார்? பெரிய பழுவேட்டரையர், சம்புவரையர் என்று அத்தனை பேரும் ஆண்கள். மதுராந்தகனை எதில் ஒளித்துக் கூட்டி வருகிறார்கள்? நந்தினியின் மூடுபல்லக்கில்! கிழவருக்கு இளைய பெண்டாட்டி மேல் மோகம், போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போகிறார் என்று ஊர் சிரிக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பதோ பட்டத்துக்கு ஆசைப்படும் ஆண்பிள்ளை. யோசனை யாருடையதாகவும் இருக்கட்டும், பேர் கெட்டது யாருக்கு?

குந்தவையும்தான் ஓலை எழுதி வந்தியத்தேவனை இலங்கைக்கு அனுப்புகிறாள். அதை நாம் புத்திசாலித்தனம் என்கிறோம். பிறந்த வீட்டுக்காகச் செய்தால் புத்தி, தன் மனசில் உள்ள ஆத்திரத்துக்காகச் செய்தால் சூழ்ச்சியா?

இத்தனைக்கும் நந்தினி கல்கியின் கற்பனை. காட்டுமன்னார்கோவில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டில், ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என ஆண்களின் பெயர்கள்தான் இருக்கின்றன. தண்டனை மட்டும் அவர்கள் சொந்தபந்தம் வரைக்கும் போயிருக்கிறது.

ராஜா காலத்துக் கதையை விடுங்கள். எங்கள் வீட்டிலேயே இரண்டு வருடத்துக்கு முன்னால் வயலை விற்கும் பேச்சு நடந்தது. ஆண்கள் நாலு பேரும் திண்ணையில் ராத்திரி பதினொரு மணி வரை பேசினார்கள். அது குடும்ப விஷயம். நானும் என் ஓரகத்தியும் அடுக்களையில் பத்து நிமிஷம் அதையே பேசினோம். “ரெண்டு பேரும் உள்ளே என்ன சதி பண்றீங்க?” என்று குரல் வந்தது. வயல் விற்றாகிவிட்டது. என்ன விலைக்கு என்று இன்றுவரை எங்கள் இருவருக்கும் தெரியாது.

அன்றைக்குக் கூட்டத்தில் இதையெல்லாம் நான் சொன்னபோது, ஒரு தங்கை விடவில்லை. “அப்போ அந்தக் கிழவரை ஏன் கட்டிக்கிட்டா? அரண்மனைப் பவிசுக்குத்தானே?” என்றாள்.

எங்கள் வட்டத்தில் அறுபது தாண்டிய ஒரு பெரியம்மா உண்டு. வருவார், வெற்றிலை மடிப்பார், கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போவார். அன்று வாயைத் திறந்தார். “எனக்குப் பதினெட்டு, அவருக்கு நாப்பத்தொண்ணு. ரெண்டாந்தாரம். சொத்துக்காக நான் வளைச்சுப் போட்டேன்னு ஊரே பேசுச்சு. எங்கப்பா அவர்கிட்ட வாங்கியிருந்த கடனை ஒருத்தரும் பேசலை.”

கேட்ட தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். யாரோ எழுந்து போய்க் காபி கலந்து வந்தார்கள்.

நாங்கள் இன்னும் நாலாம் பாகத்தில்தான் இருக்கிறோம். கிளம்பும்போது பெரியம்மா என் பையைத் தொட்டுக் காட்டி, “அஞ்சாம் பாகத்தை இப்பவே குடும்மா. கடைசியிலே அவ என்ன ஆனாள்னு நான் பார்த்துக்கறேன்” என்றார். பாட்டியின் பைண்டைக் கொடுத்து அனுப்பினேன்.

– ஒரு வாசகி, கும்பகோணம்.