சுவருக்குச் சுண்ணாம்பு சரி, குடியிருந்தவர்களுக்கு?

போன வெள்ளிக்கிழமை குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, வெயிலுக்குப் பயந்து அஞ்சடியிலேயே நடந்து வந்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு பழைய கடைவீட்டைப் புதுப்பித்திருக்கிறார்கள். சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுக்கூரை, மரச் சன்னல் எல்லாம் பழையபடியே. வேலையில் குறை சொல்ல முடியாது. சிமென்ட் பூசியிருந்தால் சுவருக்குள் ஈரம் தங்கி அரித்திருக்கும். வாசலில் நின்ற பையனிடம், "முன்பு இங்கே யார் இருந்தார்கள், தம்பி?" என்று கேட்டேன். "இது ஹோட்டல், அங்கிள்" என்றான்.

யார் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். கீழே ஒரு தங்க ஆசாரி. மேலே பலகைத் தடுப்பு வைத்து மூன்று குடும்பங்கள். அதில் ஒன்று எங்களுடையது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. சங்கு ஊதினால் பத்து நிமிடத்தில் நடந்து போய்விடுவார்.

ஜார்ஜ் டவுனில் அப்படி வாழ முடிந்ததற்குக் காரணம் 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகையை ஏற்ற முடியாது. வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு அது அநியாயம்தான். வருகிற வாடகையில் ஓடு மாற்றக்கூட முடியாது. அதனால் வீடுகள் ஒழுகின, படிக்கட்டுகள் உளுத்தன. இதை நான் மறைக்கவில்லை. ஆனால் 1997இல் சட்டத்தை நீக்க முடிவு செய்து, இரண்டு வருடம் சொச்சம் அவகாசம் கொடுத்து, 2000 ஜனவரி 1 முதல் கதவைத் திறந்துவிட்டார்களே, அந்த அவகாசத்தில் எங்களுக்கு என்ன மாற்று ஏற்பாடு நடந்தது? வாடகை பல மடங்கு ஏறியது. ஆசாரி கடையை மூடினார். நாங்கள் ஆயர் ஈத்தாம் பக்கம் போனோம். ஆள் போன வீடுகள் சிலவற்றில் சன்னலை அடைத்து, ஒலிபெருக்கி வைத்து, கூடு கட்டும் பறவைகளைக் குடிவைத்தார்கள். அந்தப் பறவைகளை வெளியேற்றவாவது 2013 கடைசி வரை தவணை கொடுத்தார்கள்!

2008 ஜூலை 7இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது. எல்லாரும் கைதட்டினோம், நானும் தட்டினேன். அது வெறும் கட்டடங்களுக்குக் கிடைத்ததல்ல. பள்ளிவாசல், சீனர் கோயில், மாரியம்மன், தேவாலயம் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்க, அவற்றைச் சுற்றிப் பல இன மக்கள் வாழ்ந்த வாழ்க்கைக்கும் சேர்த்தே கிடைத்தது. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் பினாங் ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்துதானே புறப்படுகிறது? வாசலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்க அந்தத் தெருவில் குடும்பங்கள் வேண்டாமா? பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருகிற சுற்றுலாப் பயணியா தேங்காய் உடைப்பார்?

"சந்தை விலைக்கு யார் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கிறார்கள். 2009இல் பழைய கட்டடங்களைச் சீரமைக்க கசானா 2 கோடி ரிங்கிட் மானியம் ஒதுக்கியது. அது நல்ல காரியம். அரசாங்கத்தோடு தொடர்புள்ள அந்தப் பணம் சந்தை கொடுத்த பணமா? பொதுப்பணம் வாங்கிச் சுவரைப் பூசுகிறவரிடம், "ஏற்கெனவே குடியிருப்பவருக்குப் பத்து வருடம் நியாயமான வாடகைக்கு எழுதிக் கொடு, காலி செய்ய வைத்தால் மானியத்தைத் திருப்பிக் கொடு" என்று ஒரு நிபந்தனை போட முடியாதா? சன்னல் மரத்துக்கும் ஓட்டுக்கும் பக்கம் பக்கமாக விதி எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரி எழுத முடியாது என்றால் நான் நம்பமாட்டேன்.

பூ கட்டுகிறவர், மசாலா அரைக்கிறவர், தொப்பி தைக்கிறவர் இவர்களைச் சுவரில் ஓவியமாக வரைவதை நிறுத்திவிட்டு, அவர்கள் கடை வாடகையில் ஒரு பங்கைக் கொடுக்கலாம். தங்கும் விடுதிக்கு இனி எந்தத் தெருவில் எத்தனை உரிமம் என்று ஒரு கணக்கு வைக்கலாம். மாடியில் பழையபடி குடும்பங்கள் வாடகைக்கு வர, மின்கம்பி, கழிவறை மாற்றவும் அந்த மானியத்தைத் தரலாம்.

கோயில் வாசலில் எனக்குப் பூ கொடுக்கும் அம்மா முன்பு அதே தெருவில் பிறந்து வளர்ந்தவர். இப்போது விடிகாலை முதல் பஸ்ஸில் வருகிறார். பூக்கூடைக்கு இடம் வேண்டும் என்று பஸ்ஸில் கடைசி இருக்கையில்தான் உட்காருவாராம்.