அளந்து வாங்கு, அறுக்காமல் பூட்டு

நம் மைசூர் யாதவகிரியில் இரானி குடும்பத்தார் நடத்திய ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் 1961-ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள் உற்பத்தி தொடங்கியது. முதலில் ஜாவா என்ற செக்கோஸ்லோவேகியப் பெயரிலும், 1970-களில் யெஸ்டி என்ற பெயரிலும் வண்டிகள் வெளிவந்தன. 1996-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆனால் வண்டிகள் மூடப்படவில்லை. நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வாசலில் இன்றும் ஒரு யெஸ்டி சாக்குப் போர்வைக்குள் உறங்கிக்கொண்டிருக்கிறது. அப்பா வேலைக்குப் போய்வந்த வண்டி அது. இன்று அதன்மேல் மகனின் கண் விழுந்திருக்கிறது. சேறு, பாறை, மேடு என்று ஏறி இறங்கும் டிரையல்ஸ் வண்டியாக அதை மாற்ற வேண்டும் என்கிறான். அப்பா கூடாது என்கிறார். என் கருத்து இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

டிரையல்ஸ் என்பது வேகப் போட்டி அன்று. கால் தரையில் படாமல் பாறை மீதும் ஓடைக்குள்ளும் மெதுவாக வண்டியை நடத்திச் செல்லும் கலை. ஒரு முறை கால் ஊன்றினால் ஒரு தண்டப் புள்ளி, இரு முறை ஊன்றினால் இரண்டு, அதற்கு மேல் எத்தனை முறையானாலும் மூன்று. வண்டி நின்றுவிட்டாலோ விழுந்தாலோ ஐந்து. ஸ்காட்லாந்தில் 1909-இலேயே இவ்வகைப் பந்தயம் தொடங்கிவிட்டது. பின்னாளில் ஆறு நாள் சோதனை ஓட்டங்களில் ஜாவா வண்டிகள் பலமுறை பெயர் வாங்கின. ஆகவே ஜாவாவின் இரத்தத்தில் காட்டுப்பாதை உண்டு என்று பையன்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இன்று டிரையல்ஸுக்கென்றே செய்யப்படும் வண்டியின் எடை 70 கிலோ அளவுதான். நம் யெஸ்டியோ 130 கிலோவுக்கு மேல். அந்த எடையைச் சமாளிக்க எந்தப் பாகத்தை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதுதான் முதல் கேள்வி. கடையில் பளபளவென்று எது தொங்குகிறது என்பது கடைசிக் கேள்வி. நம் இளைஞர்கள் பெரும்பாலும் கடைசிக் கேள்வியில்தான் தொடங்குகிறார்கள்.

ரயில்வேயில் நாங்கள் ஒரு சக்கரத்தைக் கண்ணால் பார்த்து நல்லது என்று ஒருபோதும் சொன்னதில்லை. கேஜ் வைத்துப் பார்ப்போம். பொருந்தினால் ஓடும், பொருந்தாவிட்டால் ஓரமாக நிற்கும். மோட்டார் சைக்கிளுக்கும் இதே நீதிதான்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் சென்ற ஆண்டு, "மாமா, சிலிண்டரை போர் பண்ணிட்டேன், பிஸ்டனும் வாங்கிட்டேன்" என்று மகிழ்ச்சியோடு வந்தான். அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் என்று டப்பாவில் அச்சிட்டிருந்தது. சிலிண்டர் 65.50 மில்லிமீட்டருக்குக் கடையப்பட்டிருந்தது. மைக்ரோமீட்டரில் பிஸ்டனை அளந்தால் 65.30 காட்டியது. பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டிய இடைவெளி இரு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்து, அந்த அளவுக்கு ஏற்ப சிலிண்டரைக் கடைய வேண்டும். வரிசை மாறினால் பணம் வீண். மாறாக இடைவெளி குறைந்தால் பணத்தோடு போகாது. ஓட்டத்தில் பிஸ்டன் இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். சரிவில் அப்படி நடந்தால் என்னாகும் என்பதைப் பெற்றோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கிராங்க் ஆயில் சீலும் இப்படித்தான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் சீல் தளர்ந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். பெட்ரோலும் அதில் கலந்த எண்ணெயும் போதாமல் எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் இறுகும். சில நூறு ரூபாய் செலவைத் தள்ளிப்போட்டுவிட்டு, அந்தப் பணத்தில் அகலமான ஹேண்டில்பார் வாங்குபவர்களைப் பார்க்கிறேன். முதலில் சீல், பேரிங், பிரேக் லைனிங், கேபிள். பிறகுதான் அலங்காரம்.

இழுவைக்கு என்ன செய்வது? எஞ்சினை அறுத்துத் திறக்க வேண்டாம். ஸ்ப்ராக்கெட்டை மாற்றினால் போதும். முன்பக்கம் 18 பல் இருந்த இடத்தில் 16 பல் போட்டால் இழுவை எட்டில் ஒரு பங்கு கூடும்; அதே எஞ்சின் சுழற்சியில் வண்டியின் வேகம் ஒன்பதில் ஒரு பங்கு குறையும். டிரையல்ஸுக்கு வேண்டியதும் அதுதான். பின்பக்கம் பெரிய ஸ்ப்ராக்கெட் போடலாமே என்பார்கள். பழைய ஜாவாவின் செயின் முழுவதும் தகட்டுக் கூட்டுக்குள் ஓடுகிறது. பெரிய ஸ்ப்ராக்கெட் அதற்குள் அடங்காது, கூட்டை வெட்டத் தோன்றும். வெட்டினால் சேறு செயினைத் தின்றுவிடும். இன்னொன்று: செயினையும் இரு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயின் நெடுநாள் உழைக்காது.

டயர் விஷயத்தில் பிடிப்புக்காகக் காற்றைக் குறைப்பார்கள். டிரையல்ஸ் வண்டியில் பின் டயருக்கு ஐந்து பவுண்டு அளவே வைப்பார்கள். நம்முடைய டியூப் டயரில் அப்படிக் குறைத்தால், டயர் ரிம்மின் மேல் வழுக்கிச் சுற்றி வால்வை அறுத்துவிடும். ரிம் லாக் போட்ட பிறகே காற்றைக் குறைக்க வேண்டும்.

ஃபுட்ரெஸ்டைப் பின்னால் தள்ளி வைப்பதும் இன்றைய மோகம். ஜாவாவிலும் யெஸ்டியிலும் கிக்கர், கியர் இரண்டுக்கும் ஒரே லீவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். கால் பின்னால் போனால் கியர் எட்டாது; லீவரை நீட்டினால் கிக்கர் இடிக்கும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும். இதை யோசிக்காமல் சேஸிஸில் வெல்டிங் வைத்தால், சூடுபட்ட இடத்தில் ஒருநாள் விரிசல் விடும். கிளாம்ப் போட்டு போல்ட்டால் பூட்டுங்கள். நாளை பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம்.

இதில்தான் என் முக்கியமான வாதம் இருக்கிறது. ஜாவா என்ற பெயர் 2018-லும், யெஸ்டி 2022-லும் புது வண்டிகளில் மீண்டும் வந்தன. அவை ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள். அவற்றின் எஞ்சின் பாகங்கள் பழையவற்றில் பொருந்தா. யாதவகிரியில் இனி ஒரு சேஸிஸ்கூட உருவாகப் போவதில்லை. ஆகவே எண்கள் ஒத்து, பாகங்கள் முழுமையாக உள்ள வண்டியை அறுப்பது, நம் ஊர் ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கும் எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போடுவதற்குச் சமம். ஏற்கெனவே பாதி பாகங்கள் போய், காகிதமும் இல்லாமல் ஒரு மூலையில் கிடக்கும் வண்டியை எடுங்கள். அதற்கு டிரையல்ஸ் ஒரு மறுபிறவி.

சட்டமும் இதையே சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டாதீர்கள். டெம்போவில் ஏற்றி, உரிமையாளர் அனுமதி தந்த தனி நிலத்துக்குக் கொண்டு செல்லுங்கள். சாமுண்டி மலைச் சரிவும் காட்டுப் பாதையும் இதற்கான இடம் அல்ல.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நாம், பிள்ளைகளைக் கையில் அழுக்குப் படாத வேலைக்கு அனுப்புவதையே பெருமையாக நினைத்தோம். அதில் தவறில்லை. ஆனால் நம்மை இங்கே நிலைநிறுத்தியது தொழிற்சாலையிலும் பணிமனையிலும் ஸ்பானர் பிடித்த கைகள். கைபேசியில் மூழ்கிய பையன் தானாக எழுந்து வந்து ஸ்பானர் கேட்டால், அதைப் பிடுங்காதீர்கள். ஹெல்மெட்டும் வெர்னியரும் வாங்கிக் கொடுங்கள்.

அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்தப் போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பது அவர்கள் விரலில் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. நம் சங்கம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களையும் இளைஞர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் என்ன? அளவுக்கருவிகளோடு வர நான் தயார். நிர்வாகக் குழுவினர் ஆவன செய்ய வேண்டுகிறேன்.