மைக்காரரும் வேஷக்காரரும்
போலி ஆவிக்காரர் நடுவே வேஷம் போட்டுப் புகும் கத்துக்குட்டித் துப்பறிவாளர்களை வைத்து யாராவது தமிழில் நாவல் எழுதினால், களம் யாழ்ப்பாணத்து நெடுந்தீவாக இருக்கட்டும். குறிகட்டுவானில் படகு ஏறினால் ஒரு மணித்தியாலப் பயணம். ஆருடைய மகன் கனடாவிலிருந்து கதைப்பதில்லை, ஆர் வீட்டுச் சங்கிலி களவு போனது எல்லாம் கரை சேருமுன்னே ஊருக்குத் தெரிந்துவிடும். பிறகு வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பவருக்கு ஆவி எதற்கு? படகில் காது கொடுக்க ஒரு கையாள் போதும். இப்படிப் போலிகளைப் பிடிப்பதில் யாழ்ப்பாணத்துக்கு முன்னோடி உண்டு. 1928இல் கேரளத்திலிருந்து மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் படிப்பிக்க வந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், அற்புத சக்தியை நிரூபிப்பவருக்கு என்று 1963இல் ஒரு லட்சம் ரூபா பந்தயம் வைத்தார். மூடிய உறைக்குள் இருக்கும் நோட்டின் இலக்கத்தை வாசித்தாலே போதும். 1978இல் அவர் இறக்கும்வரை ஒருவரும் வெல்லவில்லை. ஆனால் கோவூரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவரை வாசலில் கண்டால் எந்தச் சாத்திரியாருக்கு உரு வந்திருக்கும்? 1920களில் அமெரிக்க மாயவித்தைக்காரர் ஹூடினி செய்ததுதான் கெட்டித்தனம். தன் துப்பறிவாளர் ரோஸ் மெக்கன்பர்க்கை வேஷத்தில் ஆவிக்காரரிடம் முதலில் அனுப்பிவிடுவார். கலியாணமே கட்டாத அந்தப் பெண்ணிடம் செத்துப்போன கணவன்மார் எத்தனையோ பேர் 'பேசினார்கள்'. நமது நாவலுக்கும் அப்படி ஒரு ஆச்சி வேண்டும், இல்லாத பேரனுக்காக அழுதுகொண்டு போக. ஆனால் பகிடி முழுக்க மைக்காரர் மேலேயே இருக்கவேண்டும். ஏனென்றால், 1990இல் போரின்போது மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரில் ஒருத்தி அதே திண்ணையில் காத்திருக்கக்கூடும். அவளைத் தொட்டு ஒரு வரிகூடச் சிரிப்புக்கு எழுதக்கூடாது.