வாடகை வீட்டுக்கும் நியாயச் சட்டம் வேண்டும்

சிங்கப்பூரில் பதிவாகும் திருமணங்களில் ஏறத்தாழ ஆறில் ஒன்று, இரு வேறு இனத்தவர் செய்துகொள்ளும் திருமணம். சீன மருமகளைத் தமிழ்க் குடும்பங்களும் தமிழ் மருமகனைச் சீனக் குடும்பங்களும் உற்றார் உறவினர் சூழ வரவேற்பது இன்று அரிய காட்சியன்று. ஆனால் மாலையும் மணமுமாக வாழ்த்துப் பெற்ற அதே தம்பதி வாடகைக்கு வீடு தேடப் புறப்பட்டால், நேற்றுவரை காலியாக இருந்த வீடு, கணவரின் பெயரைச் சொன்னதும் ‘ஏற்கெனவே போய்விட்டது’ என்றாகிவிடுகிறது. இப்படி மறுப்பவரைக் கேள்வி கேட்க இந்நாட்டில் சட்டம் இல்லை. அந்தச் சட்டம் வேண்டும் என்பதே நம் உறுதியான கருத்து.

கலப்பு மணம் செய்தவர்கள் குடியேறும் முன், தங்களை ஏற்றுக்கொள்ளும் ஊர் எது, வட்டாரம் எது என்று விசாரிப்பது பல நாடுகளில் வழக்கம். சிங்கப்பூரில் அந்தக் கவலை பெருமளவு குறைந்திருப்பதற்குக் காரணம், மக்களில் பெரும்பாலோர் வாழும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) குடியிருப்புகளில் 1989 மார்ச் முதல் நடப்பில் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கை. அன்று தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த எஸ். தனபாலன் அதை அறிவித்தார். 1964 இனக் கலவரங்களை நேரில் கண்ட தலைமுறை, பேட்டைகள் மறுபடி இனவாரியாகப் பிரிந்துவிடக் கூடாது என்று அஞ்சியதில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு புளோக்கிலும் பேட்டையிலும் ஒவ்வோர் இனத்தவர் எத்தனை விழுக்காடுவரை வீடு வாங்கலாம் என்று வரம்பு வகுக்கப்பட்டது. இந்தியர் மற்றும் பிறருக்கான வரம்பு 2010இல் உயர்த்தப்பட்டு, இப்போது பேட்டைக்கு 12, புளோக்குக்கு 15 விழுக்காடாக உள்ளது.

இந்தக் கொள்கைக்குச் சிறுபான்மையினர் விலை கொடுக்காமல் இல்லை. சீனருக்கான வரம்பு நிரம்பிய புளோக்கில் வீட்டை விற்க முயலும் இந்தியருக்கும் மலாய்க்காரருக்கும் வாங்குவோர் குறைவு, கிடைக்கும் விலையும் குறைவு. அதை அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆயினும் ஒரே மின்தூக்கியில் எல்லா இனத்தவரும் ஏறி இறங்கும் வாழ்க்கையை அந்தக் கொள்கைதான் தந்தது. சொந்த வீடு வாங்கும் கலப்பு இணையர் எந்தப் பேட்டைக்குப் போனாலும், அங்கே பெரும்பாலும் இருவருடைய இனத்தவரும் அண்டை வீட்டாராக இருப்பார்கள்.

வாடகைச் சந்தையின் நிலை வேறு. புதிய வீவக வீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இளம் தம்பதியர், வெளிநாட்டுத் துணையுடன் வாழ்க்கையைத் தொடங்குவோர், மணமுறிவுக்குப் பின் வீடு தேடுவோர் ஆகியோருக்கு வாடகை வீடே கதி. அங்கே முகவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, ‘நீங்கள் என்ன இனம்?’ என்பது. இன விருப்பத்தை விளம்பரத்தில் எழுதக் கூடாது என்று முகவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருக்கிறது. எழுத்தில் வராதது தொலைபேசியில் வருகிறது. அதனால் கலப்பு இணையர் ஒரு தந்திரத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். இருவரில் யார் பெயர் எளிதாக எடுபடுமோ அவர் பேசுவார், மற்றவர் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாள்வரை கண்ணில் படமாட்டார். கட்டிய மனைவியின் பெயரையோ கணவரின் பெயரையோ மறைத்தால்தான் தலைக்கு மேல் கூரை கிடைக்கும் என்ற நிலை, இன நல்லிணக்கத்தைக் கொள்கையாகக் கொண்ட நாட்டுக்கு அழகன்று.

இது அரசுக்குத் தெரியாத குறையும் அன்று. 2021 தேசிய நாள் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், சிறுபான்மையினர் வேலை தேடும்போதும் வாடகைக்கு வீடு தேடும்போதும் படும் வேதனையை வெளிப்படையாகப் பேசினார். வேலையிடப் பாகுபாட்டுக்கு எதிராகவும் இன நல்லிணக்கத்தைக் காக்கவும் சட்டங்கள் வரும் என்று அதே உரையில் அறிவித்தார். இரண்டையும் நாடாளுமன்றம் 2025 தொடக்கத்தில் நிறைவேற்றியது. வாடகை வீடு மட்டும் நல்லெண்ணத்தின் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது.

அந்த உரைக்குச் சில மாதங்களுக்கு முன்புதான், ஆர்ச்சர்ட் சாலையில் நடந்து சென்ற கலப்பு இணையரை ஒருவர் இனத்தைச் சொல்லி இழிவுபடுத்திய காணொளி நாட்டையே அதிரவைத்தது. அவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தெருவில் சில நிமிடம் வசைபாடியதற்குத் தண்டனை உண்டு. அதே இணையருக்கு அதே காரணத்துக்காக வீடு மறுப்பவருக்கு ஒன்றுமில்லை. வசை தந்த காயத்தோடு வீட்டுக்குத் திரும்பலாம். வீடே மறுக்கப்பட்டவர் எங்கே திரும்புவார்?

‘என் வீடு, யாருக்கு விடுவது என்பது என் விருப்பம்’ என்ற வாதம் எழும். தான் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையை விடுபவர் தமக்கு ஒத்துவருபவரைத் தேர்வது இயல்பு. அவருக்கு விலக்கு அளிக்கலாம். ஆனால் முழு வீட்டையும் சந்தையில் வைத்து வருமானம் ஈட்டுவது தொழில். தொழில் செய்பவர் எவருக்கும் உள்ள கடமை அவருக்கும் உண்டு. சமையல் வாசம், சுவரில் எண்ணெய்ப் படிவு என்று காரணம் சொல்வோர், துப்புரவுக்கும் பழுதுக்கும் எல்லா வாடகைதாரருக்கும் பொதுவான நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளட்டும், வைப்புத்தொகை வாங்கிக்கொள்ளட்டும். அண்டை வீட்டுக் கறி வாசம் தகராறானது என்ற செய்தி 2011இல் வெளிவந்தபோது, பல இனத்தவரும் ஒரே நாளில் கறி சமைத்துத் தங்கள் ஆதரவைக் காட்டினார்கள். வீட்டு உரிமையாளர்கள் அஞ்சும் அளவுக்கு இந்நாட்டு மக்கள் குறுகிய மனத்தினர் அல்லர்.

‘சட்டம் மனத்தை மாற்றுமா?’ என்றும் கேட்பார்கள். மனம் மாறும்வரை இளம் குடும்பங்கள் தெருவில் நிற்க முடியாது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே, கறுப்பினக் கணவரும் வெள்ளை இன மனைவியுமான தம்பதிக்கு வீடு விற்க ஒரு கட்டுமான நிறுவனம் மறுத்தது. தனியார் விற்பனையிலும் இனப் பாகுபாடு செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1968 ஜூனில் தீர்ப்பளித்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் நியாய வீட்டுவசதிச் சட்டம் அங்கே நடப்புக்கு வந்திருந்தது. பிரிட்டனும் அதே ஆண்டில் வீட்டுவசதியை இன உறவுச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. நம்மைப் போலவே நெருக்கடியான வீட்டுச் சந்தையும் சீனப் பெரும்பான்மையும் கொண்ட ஹாங்காங் 2008இல் இயற்றிய சட்டமும் வாடகை வீட்டை உள்ளடக்கியது. அங்கெல்லாம் பாகுபாடு அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் மறுக்கப்பட்டவருக்கு முறையிட ஓர் இடம் கிடைத்தது, மறுப்பவருக்குத் தாம் செய்வது தவறு என்று தெரிந்தது.

சிங்கப்பூர்ச் சட்டம் எளிமையாகவே தொடங்கலாம். இனத்தைக் காரணமாகக் கொண்டு முழு வீட்டை வாடகைக்கு மறுப்பதும், அப்படி மறுக்கச் சொல்லும் உரிமையாளரின் கட்டளையை முகவர் நிறைவேற்றுவதும் குற்றமாக வேண்டும். வாடகைதாரரின் இனத்தை முன்கூட்டியே கேட்கும் முகவரின் உரிமம் கேள்விக்குள்ளாக வேண்டும். வேலையிடச் சட்டத்தைப் போலவே புகார்கள் முதலில் சமரசத்துக்குப் போகட்டும். அங்கே தீராதவை தீர்ப்பாயத்துக்குப் போகட்டும். வேலையிடச் சட்டம் சிறு நிறுவனங்களுக்கு விலக்கு அளித்துப் படிப்படியாகச் செல்வதைப் போல இதுவும் செல்லலாம்.

தமிழ்ச் சமூகத்துக்கும் ஒரு சொல். மலாக்காச் செட்டிகள் தமிழ் வணிகர்களும் உள்ளூர்ப் பெண்களும் மணந்து உருவான சமூகம். கலப்பு மணம் இந்த மண்ணில் நமக்குப் புதிதன்று. வீடு மறுக்கப்படும்போது நாம் கொதிக்கிறோம். நம் கையில் வாடகைக்கு விட வீடு இருக்கும்போது, தேடி வருபவரின் இனத்தையும் மதத்தையும் துருவிக் கேட்காதிருப்பதே அந்தக் கோபத்துக்கு நாம் செய்யும் நியாயம்.

1989இல் அரசாங்கம் ஒவ்வொரு பேட்டையின் வாசலையும் எல்லா இனத்தவருக்கும் திறந்துவைத்தது. அது மக்களிடம் கெஞ்சிப் பெற்ற மாற்றம் அன்று, விதி வகுத்து உண்டாக்கிய மாற்றம். வாடகை வீடுகளுக்கும் அந்தத் துணிவு வேண்டும். வாடகையில் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் மசோதாவை அரசாங்கம் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். எல்லாக் கட்சி உறுப்பினர்களும் அதை ஆதரிக்க வேண்டும்.